எங்கள் வீட்டின் மூன்று கணினிகள்



தக்கலையில் எங்கள் வாப்பா நடத்திய பலசரக்குக் கடையில் தராசு எப்போதும் வாங்குபவரின் கண்ணெதிரே இருக்கும். எடையில் சிறிது குறைந்தாலும் மறுமையில் கணக்குண்டு என்று சொல்லியே எங்களை வளர்த்தார். ஆனால் அக்கடையின் கணக்கு எழுதப்பட்ட கணினியில் இருந்த விண்டோஸ் விலை கொடுத்து வாங்கப்பட்டதன்று. அதை நாங்கள் பல்லாண்டுகள் ஒரு பொருட்டாகவே கருதவில்லை.

ஒருநாள் பழுது பார்க்க வந்தவர் பென்டிரைவிலிருந்து விண்டோஸை மீண்டும் ஏற்றிக்கொண்டிருந்தார். "இதற்கு நாம் காசு கொடுத்தோமா?" என்று வீட்டுச் சிறுமி கேட்டாள். எவரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் வாப்பா, "தராசில் மட்டும்தான் நேர்மை பார்த்தோம் போலும்" என்றார். அச்சொல் எங்களை வருத்தியது.

மார்க்க அறிஞர்கள் இதில் தெளிவாகவே பேசியிருக்கிறார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கத்துக்கும் கண்டுபிடிப்புக்கும் உரிய உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை என்றும், அவற்றில் அத்துமீறல் கூடாது என்றும் தீர்மானித்தது.

எங்களுக்கு வழிகாட்டியவர்கள் களியக்காவிளைக்கு அப்பால் வாழும் உறவினர்கள். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினி பயில்கின்றனர். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய பணி அது. அதன் உரிமமே படியெடுக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் அனுமதிக்கிறது. அண்டை வீட்டாருக்குப் படியெடுத்துக் கொடுப்பதில் அங்கே குற்றமில்லை.

முதலில் கடையின் பழைய பென்டியம் 4 கணினியை எடுத்தோம். நினைவகம் 1 ஜிபி மட்டுமே. 32 பிட் கணினிகளுக்கான டெபியன் 12ஐ, எல்எக்ஸ்டிஇ என்னும் எளிய திரையமைப்புடன் நிறுவினோம். கடிதம் எழுதவும் கணக்குப் பட்டியல் போடவும் அது போதுமானதாக இருந்தது. இணையத்தில் மட்டும் திணறியது. 2025இல் வந்த டெபியன் 13இல் இத்தகைய கணினிகளுக்கான நிறுவல் வசதி இல்லை. ஆகவே அதன் ஆயுள் இன்னும் சிறிது காலமே.

இரண்டாவது, தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011இல் தொடங்கிய அத்திட்டத்தில் தம்பிக்குக் கிடைத்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. முறையாகக் கிடைத்த அவ்விரண்டையும் அழித்துவிட்டு, திருட்டுப் படியை ஏற்றியவர்கள் நாங்களே! இப்போது அதில் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இயங்குகிறது. வைஃபை முதலில் வேலை செய்யவில்லை. கைப்பேசியைக் கம்பியால் இணைத்து, அதன் இணையத்தின் வழியே உரிய இயக்கியைப் பெற்றோம். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பள்ளிவாசல் அறிவிப்புகள் புரியாத குறிகளாகத் தெரிந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவதில் சில மாலைகள் கழிந்தன.

மூன்றாவது, அண்ணனின் புதிய மடிக்கணினி. வாங்கியபோதே உரிமத்துடன் கூடிய விண்டோஸ் அதில் இருந்தது. கடையின் ஜிஎஸ்டி கணக்குக்கு நாங்கள் பழகிய மென்பொருள் லினக்ஸில் இயங்காது. எனவே விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, இதுவரை திருட்டுப் படியாக வைத்திருந்த கணக்கு மென்பொருளுக்கு உரிமம் வாங்கினோம். அத்தொகை எங்களுக்குச் சிறிதன்று. ஆயினும் வாப்பாவே பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

அன்பான சகோதர சகோதரிகளே! எல்லாரும் லினக்ஸுக்கு மாறவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கணினியில் இருப்பது யாருடைய உடைமை, அதை எவ்வழியில் பெற்றீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். விலை கொடுக்க இயலாதவருக்கும் ஹலாலான வழி இருக்கிறது. மூலையில் கிடக்கும் பழைய கணினிகூட அதனால் ஒரு மாணவருக்குப் பயன்படலாம்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தையும், அதற்கு நாம் கையாளும் கருவிகளையும் தூய்மையாக்கித் தருவானாக. ஆமீன்.