வெட்ட வெட்டத் தழைக்கும் காடு

இங்கிலாந்துக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் லண்டன் பாலம், அரண்மனை வாசல், காற்பந்துத் திடல் என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். லண்டனிலிருந்து இரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனால், சஃபோக் வட்டாரத்து வயல்களுக்கு நடுவே ஆள் அரவமில்லாத ஒரு காடு இருக்கிறது. பெயர் பிராட்ஃபீல்ட் வுட்ஸ். 1252ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை முறை வைத்து மரம் வெட்டப்பட்டு வரும் காடு அது. எழுநூற்றெழுபது ஆண்டுகளாக வெட்டியும் ஒரு காடு எப்படி மிஞ்சியது? அதைப் பார்க்கத்தான் ஓர் ஏப்ரல் மாதக் கடைசியில் அங்கே போனேன்.

என் அக்காள் மகள் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற சிறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். அந்த ஊரின் நடுவில் பழைய கிறிஸ்துவ மடம் ஒன்று இடிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பணக்கார மடங்களில் அதுவும் ஒன்று. பிராட்ஃபீல்ட் காடு அந்த மடத்துத் துறவிகளுக்குச் சொந்தமாக இருந்தது. அடுப்புக்கு விறகு, வேலிக்குக் கம்பு, கூரைக்கு உத்திரம் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. 1539இல் எட்டாம் ஹென்றி மன்னர் மடத்தை மூடினார். கல் கட்டடம் சிதைந்துவிட்டது. விறகுக் காடு இன்றும் நிற்கிறது.

நகரத்திலிருந்து டாக்சியில் கிளம்பினோம். இருபுறமும் எண்ணெய் வித்துப் பயிர் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. வழியில் ஒரு தேவாலயம், நாலைந்து வீடுகள், அவ்வளவுதான் ஊர். காட்டுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. "மாமா, உள்ளே சகதியா இருக்கும். அந்தச் சப்பாத்து வேணாம், என் வீட்டுக்காரரோட பூட்ஸைப் போட்டுக்குங்க" என்று அவள் முன்யோசனையோடு எடுத்து வந்திருந்தாள். களிமண் பூமி. பத்தடி நடப்பதற்குள் கால் கனத்துவிட்டது.

தாமான் நெகாராவில் நடந்தவர்களுக்கு இதைக் காடு என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. வானத்தை மறைக்கும் மரங்கள் இல்லை. அட்டை இல்லை, காதைத் துளைக்கும் சிள்வண்டு இல்லை. காலடியில் சகதி மசியும் ஓசையும், எங்கோ ஒரு சிறு பறவையின் குரலும்தான். பேச்சை நாங்களாகவே குறைத்துக்கொண்டோம்.

சற்று உள்ளே போனதும் ஒரு வெட்டவெளி வந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன. அருகில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் பச்சைத் துளிர்கள் எட்டிப் பார்த்தன. கரும்பையோ நெல்லையோ அறுத்தபின் அதே தூரிலிருந்து மீண்டும் கிளைப்பதை நம் முன்னோர் மறுதாம்பு என்றார்கள். இந்தக் காடு முழுவதும் மறுதாம்புதான். ஹேசல், ஆஷ் போன்ற மரங்களைக் குளிர்காலத்தில் தரையை ஒட்டி வெட்டுவார்கள். வேர் சாகாது. வசந்தத்தில் ஒரு கட்டையிலிருந்து பத்து இருபது கிளைகள் நேராகக் கிளம்பும். தேவைக்கு ஏற்ப ஏழெட்டு ஆண்டு முதல் இருபத்தைந்து ஆண்டு வரை வளரவிட்டு, மறுபடியும் வெட்டுவார்கள்.

முழுக் காட்டையும் ஒரே சமயத்தில் வெட்டுவதில்லை. துண்டு துண்டாகப் பிரித்து, ஆண்டுக்குச் சில துண்டுகள். அதனால் ஒரு திருப்பத்தில் வெட்டவெளி, அடுத்த திருப்பத்தில் ஆள் உயரப் புதர், அதற்கடுத்து இருண்ட அடர்த்தி என்று காடு மாறிக்கொண்டே வந்தது. இடையிடையே ஓக் மரங்களை மட்டும் வெட்டாமல் பெரிதாக வளரவிட்டிருக்கிறார்கள். அவை வீட்டு உத்திரத்துக்கு. சிறு கம்புகள் வேலி முடையவும் மண்சுவருக்குள் வைத்துக் கட்டவும்.

வெட்டவெளியின் ஓரத்தில் எழுபது வயதைத் தாண்டிய தொண்டூழியர் ஒருவர் கம்புகளைத் தரம் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கையில் நம் பாராங் போலவே, ஆனால் நுனி கொக்கியாக வளைந்த கத்தி. மலேசியாவிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும், "உங்கள் ஊர்க் காட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று சிரித்தார். பிறகு ஒரு கட்டு அவரைப் பந்தல் கம்பைக் காட்டி, "இது விற்றால்தான் அடுத்த துண்டை வெட்ட ஆள் வைக்க முடியும். வெட்டாவிட்டால் இருட்டிவிடும், இருட்டினால் பூக்கள் போய்விடும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அடுத்த துண்டில் புரிந்தது. அது வெட்டி இரண்டு மூன்று ஆண்டான இடம். தரையே தெரியாமல் புளூபெல் மலர்கள் நீலமாக விரிந்திருந்தன. நடுநடுவே ஆக்ஸ்லிப் என்ற வெளிர்மஞ்சள் பூ. பிரிட்டனில் சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ் வட்டாரங்கள் கூடும் இந்தப் பகுதியில்தான் அது பெரும்பாலும் வளர்கிறது. மரம் அடர்ந்திருக்கும் ஆண்டுகளில் இந்தச் செடிகள் நிழலில் ஒடுங்கிக் கிடக்கும். வெட்டியதும் வெளிச்சம் தரையைத் தொடும். ஓரிரு ஆண்டில் பூத்துக் குலுங்கும். பிறகு வரும் இளம் புதர், நைட்டிங்கேல் பறவை கூடு கட்ட ஏற்ற இடம். ஹேசல் கொட்டையைத் தின்று குளிர்காலம் முழுவதும் சுருண்டு உறங்கும் டார்மவுஸ் என்ற சிறு பிராணிக்கும் இதுதான் வீடு. மனிதன் விறகுக்காகப் போட்ட முறைக்கு ஏற்றாற்போல் இவை எல்லாம் வாழப் பழகிவிட்டன.

இவ்வளவு காலம் தாங்கிய காடு, நம் அப்பா காலத்தில் அழியப் பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எரிவாயுவும் எண்ணெயும் வந்தன. விறகு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. உணவு உற்பத்தியைப் பெருக்க விவசாயத்துக்கு அரசு மானியம் கொடுத்தது. நாடெங்கும் பழங்காடுகளை இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினார்கள். 1960களில் பிராட்ஃபீல்டின் ஒரு பெரும்பகுதியும் அப்படி வயலாகிப் போனது. உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். மிஞ்சியதை 1970இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று விலைக்கு வாங்கியது. இன்று சஃபோக் வனவிலங்கு அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது.

மற்ற பல காடுகளில் வெட்டும் வழக்கம் எப்போதோ நின்றுபோன பிறகும் இங்கே அது தொடர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்து ஊரில் வைக்கோல் வாரும் மரவாரியும் கருவிகளுக்குக் கைப்பிடியும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. அதற்கு இந்தக் காட்டுக் கம்பு தேவைப்பட்டது. வாரிக்குக் கிராக்கி இருந்தவரை காட்டுக்கும் மதிப்பு இருந்தது.

காட்டின் விளிம்பில் பழைய மண்கரையும் பள்ளமும் ஓடுகின்றன. இளந்துளிரை மேய வரும் மாடுகளைத் தடுக்க அந்தக் காலத்தில் வெட்டியவை. அதன்மேல் நின்று வயலைப் பார்த்தபோது நான் பிறந்த தோட்டம் நினைவுக்கு வந்தது. பால்மரத்தை இருபத்தைந்து, முப்பது ஆண்டு சீவிவிட்டு வேரோடு சாய்ப்பார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படிச் சாய்த்த இடத்தில் செம்பனை வந்தது. பிறகு வீடமைப்புப் பகுதி வந்தது. மரத்தோடு லயமும் போனது. என் தாயார் பால் வெட்டிய நிரை எது என்று இன்று என்னால் காட்ட முடியாது. இங்கே துறவிகளின் ஆட்கள் வெட்டிய அதே தூரை இன்றைக்கும் கையால் தொடலாம்.

அப்படி ஒரு தூர் இங்கே புகழ் பெற்றது. ஆஷ் மரத்தின் அடிக்கட்டை அது. வெட்ட வெட்ட நடுப்பகுதி உளுத்துப் போய், விளிம்பு மட்டும் வளையமாக விரிந்துகொண்டே போயிருக்கிறது. ஆயிரம் ஆண்டு இருக்கலாம் என்பது இந்தக் காட்டை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ஆலிவர் ராக்கமின் கணிப்பு. வெட்டாமல் விட்டால் ஓர் ஆஷ் மரம் இருநூறு ஆண்டு சொச்சத்தில் முதிர்ந்து விழுந்துவிடும். வெட்டுதான் அதற்கு ஆயுளைக் கூட்டியது.

ஆனால், இனி என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஆசியாவில் தோன்றிய ஒரு பூஞ்சைக் காளான் ஆஷ் மரங்களைக் கொன்று வருகிறது. பிரிட்டனில் அது 2012இல் கண்டறியப்பட்டது. இளந்துளிர்களை அது எளிதில் பிடிக்கும் என்பதுதான் கவலை. நுனி கருகிய ஆஷ் கிளைகளை நாங்களும் பார்த்தோம். "இதை வெட்டலாமா, விடலாமா என்று இப்போது ஒவ்வொரு கட்டைக்கும் யோசிக்கிறோம்" என்றார் அந்தப் பெரியவர். பாராங்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, நம் மழைக்காட்டையும் வெட்டினால் தழைத்துவிடும் என்று யாரும் கணக்குப் போட்டுவிட வேண்டாம். மெராந்தியும் செங்காலும் ஹேசல் புதர் அல்ல. பெரிய மரத்தைச் சாய்த்து, புல்டோசர் விட்டுப் பாதை போட்ட இடத்தில் பழைய காடு திரும்ப நம் பேரன் காலமும் போதாது. பிராட்ஃபீல்டில் கற்றுக்கொள்ள வேண்டியது அளவை. எந்தத் துண்டை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, வேரைத் தொடாமல் எப்படி என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பூக்களைப் பார்க்க ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை நல்ல நேரம். பேருந்தை நம்பாமல் பரி செயின்ட் எட்மண்ட்ஸில் டாக்சி பிடியுங்கள். திரும்பி வரவும் அப்போதே பேசிவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். பாதையை விட்டு இறங்கிப் பூக்களை மிதிக்காதீர்கள். குளிர் தாங்குபவர்கள் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போகலாம். பூ ஒன்றும் இருக்காது. மரம் வெட்டுவதைப் பார்க்கலாம்.