ஆயாவுக்கு எண்பது

வீட்டில் பெரியவருக்கு எண்பது நிறைகிறது என்றால் எல்லோரும் முதலில் மண்டபம் பார்ப்பார்கள். அவருக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் இருந்தால், விழா எத்தனை மணிக்கு என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே மகனுக்கு சிப்காட்டில் ஷிஃப்ட், பேரனுக்கு ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் ஷிஃப்ட். எல்லோருக்கும் தோதானது ஞாயிறு சாயங்காலம்தான். ஆனால் இந்த நோய் வந்த பலருக்குப் பொழுது சாயும்போதுதான் தவிப்பு கூடும். சொந்த வாசலில் நின்றுகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். அதனால் காலையிலேயே விழாவை வைக்கச் சொல்வேன். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் தூங்காமல் வரவேண்டியிருக்கும். வரட்டும், விழா ஆயாவுக்குத்தானே.

மைக் செட்டும் சீரியல் லைட்டும் வேண்டவே வேண்டாம். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலைப் பிரித்துக் கேட்க அவர்களால் முடியாது, பயந்துபோவார்கள்.

இதைவிடக் கடினம் சொந்தக்காரர்களைத் தயார்ப்படுத்துவது. சூலூர்பேட்டை ரயிலிலிருந்து இறங்கி வரும் ஒவ்வொருவரும் ஆயாவின் கன்னத்தைப் பிடித்து, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்பார்கள். பாசம்தான், ஆனால் ஆயாவுக்கு அது பரீட்சை. டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை. புதிய நினைவு பதிவதே அங்கேதான். வளர்ந்துவிட்ட பேரனின் முகம் அவர் மனதில் தங்கியே இருக்காது. அவர் தேடுவது கைக்குழந்தையாக இருந்தவனை. அதனால் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: இரண்டிரண்டு பேராகப் போங்கள், எதிரே உட்காருங்கள், நீங்களே சொல்லுங்கள், "ஆயா, நான் உன் பெரிய பொண்ணோட பையன். தடாவுலேர்ந்து உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

நாளைக்கே மறந்துவிடுவாரே, எதற்கு விழா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, சிரிப்பான படத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பார்த்த படம் மறந்துபோன பிறகும் அது தந்த சோகமோ சந்தோஷமோ அவர்களிடம் நீடித்தது. என் வேலையில் நான் பார்ப்பதும் இதையேதான். காலையில் யாரோ அதட்டியது நினைவில் இருக்காது, மத்தியானம் வரை முகம் மட்டும் சுருங்கியே இருக்கும்.

ஆயாவை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டுவிட்டு எல்லோரும் விலகிவிட்டால் அவருக்கு அங்கே என்ன இருக்கிறது? கைக்கு வேலை வேண்டும். ஆரம்பாக்கத்து வீடு ஒன்றில் ஆயா முன்னால் உதிரி மல்லியும் நூலும் வைத்தோம். மகள் பெயர் சொல்லத் தெரியாதவர், இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் என்று வைத்து முடிச்சுப் போட்டு இழுத்தார். பழகிய கைவேலைக்கான நினைவு மூளையில் வேறிடத்தில் இருப்பது, அது வெகுநாள் தாங்கும். பக்கத்தில் உட்கார்ந்த பேத்திகள் அவரைப் பார்த்துக் கட்டக் கற்றுக்கொண்டார்கள். கட்டிய சரத்தை அவர் கையாலேயே அவர்கள் தலையில் வைக்கச் சொன்னோம்.

அந்த ஆயாவின் தாய்மொழி தெலுங்கு. எல்லையோரத்தில் இது சகஜம். கல்யாணமாகி வந்தபின் பேசிய தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. இந்த நோயில் பிந்திப் படிந்த மொழி முந்திப் போவதுண்டு. தமிழில் மௌனமாக இருந்தவர், தன் தம்பி மனைவி தெலுங்கில் பேச்சுக் கொடுத்ததும், வந்தவர்களையெல்லாம் "அன்னம் தின்னாரா?" என்று விசாரிக்கத் தொடங்கினார். சாப்பிட்டவர்களையும் மறுபடி கேட்டார். ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லுங்கள் என்றேன், சொன்னார்கள். "யாருக்குக் கல்யாணம்?" என்று அவர் கேட்டபோது மகள் திருத்தப் போனார். நான் முந்திக்கொண்டு, "நம்ம வீட்டு விசேஷம்மா" என்றேன். அது பொய்யில்லை.

இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலும் அவர்களைப் பார்த்துக்கொள்வது மகளோ மருமகளோதான். அதனால் பந்தி முடிந்து பைகளைத் தூக்குமுன் சொந்தக்காரர்களிடம் ஒரு கோரிக்கை வைப்பேன்: மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து ஆயாவோடு இருங்கள், பார்த்துக்கொள்பவர் வெளியே போய்வரட்டும். ஆரம்பாக்கத்து வீட்டில் அன்றைக்கு ஆயாவின் தம்பி மனைவி முதலில் பெயர் கொடுத்தார். அடுத்த மாதத்தைப் பேரன் எடுத்துக்கொண்டான், ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு.