லட்சுமிக்கு ஒரு நாள் லீவு

"லட்சுமி கன்னு வீசிடுச்சுடா!" என்று அம்மா போனில் அழுதாள். லீவு கேட்டேன்.

"லட்சுமி யாருப்பா?" என்றார் மேனேஜர்.

"எங்க வீட்டுப் பசு சார்."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு நாள் கொடுத்தார்.

ஏழு மாதச் சினை. நஞ்சுக்கொடியை வெறுங்கையாலேயே எடுத்துப் புதைத்திருந்தாள் அம்மா. மூன்று வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். சாயங்காலம் சுடும், ராத்திரி வேர்த்துக் கொட்டும். மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. கடைசியில் துப்புக் கொடுத்தவர் மாட்டு டாக்டர்தான்!

"லட்சுமி ரத்தத்துல புரூசெல்லோசிஸ் இருக்கு. கன்று வீச்சு நோய். மனுஷங்களுக்கும் தொத்தும், காய்ச்சாத பால்லயும் வரும். அம்மாவுக்கும் டெஸ்ட் எடுங்க."

எடுத்தோம். அதேதான். ஆறு வாரம் மாத்திரை, அம்மா பிழைத்தாள். லட்சுமிக்கு வைத்தியம் கிடையாதாம். நாலிலிருந்து எட்டு மாதக் கிடேரிக் கன்றாக இருந்தபோதே ஒரு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 2019-ல் வந்த தேசியத் திட்டத்தில் அது இலவசம். நாங்கள்தான் போடவில்லை.

"சொல்லாம சந்தையில தள்ளிடலாம்" என்றார் தரகர்.

"இன்னொருத்தி வீட்டுக் கன்னும் சாகணுமா?" என்றாள் அம்மா.

லட்சுமி இப்போது கொல்லையில் தனியாக நிற்கிறாள். சினையும் இல்லை, பாலும் இல்லை. தீவனத்துக்கு மாதாமாதம் நான் அட்வான்ஸ் கேட்கிறேன்.

"எதுக்குப்பா?" என்பார் மேனேஜர்.

"குடும்பச் செலவு சார்!"