கவனக்குறைவு என்னும் சொல்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு வேதியியல் துறைப் பேராசிரியர் அன்புடன் கேட்டுக்கொண்டார். நான் இக்கல்லூரியில் 2004 முதல் 2007 வரை இளம் அறிவியல் பயின்றவன். எட்டு ஆண்டுகள் ஒரு நூற்பாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்துவிட்டு, அவ்வேலையைத் துறந்து தொழிற்பாதுகாப்பு அலுவலர் பணிக்கு மாறியவன். உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் பெரியவர் ஒருவர், "பாதுகாப்பு அலுவலர்னா வாட்ச்மேன் வேலையா தம்பி?" என்று கேட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. இப்படி ஒரு தொழில் உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அது எத்தகைய தொழில், நான் ஏன் அதற்கு மாறினேன் என்பதையே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

நூற்பாலையில் என் வேலை நூலைச் சோதிப்பது. 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் நாற்பது சிட்டம் இருந்தால் அது 40ஆம் நம்பர் நூல். நாள்தோறும் பாபின்களிலிருந்து மாதிரி எடுத்து நிறுத்துப் பார்ப்போம். இழுத்து அறுத்தும் பார்ப்போம். நூல் எளிதில் அறுந்தால் அதற்குக் காரணம் தேடுவோம். பஞ்சின் இழை நீளம் குறைவா, முறுக்குப் போதவில்லையா, காற்றில் ஈரப்பதம் குறைந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாக ஆராய்வோம். "நூலின் கவனக்குறைவால் அறுந்தது" என்று எவரும் எழுதியதில்லை.

2014ஆம் ஆண்டில் அவ்வாலையின் கார்டிங் பிரிவில் தொழிலாளி ஒருவருக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால் விபத்து அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதுவதற்கு மேலாளர் சொன்னது ஒரே சொல்: கவனக்குறைவு. எழுதுமுன் அவரை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி அவர் சொன்னார்:

"சுவிட்ச அணைச்சாலும் சிலிண்டரு ஒடனே நிக்காதுங்க தம்பி. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். நின்னப்புறம் சுத்தம் பண்ணலாம்னா புரொடக்சன் கொறஞ்சுபோச்சுன்னு மேஸ்திரி சத்தம் போடுவாருங்க. சுத்தறப்ப மூடியத் தொறக்க முடியாத மாதிரி ஒரு பூட்டு இருந்துச்சு. அது கெட்டுப்போயி நாளாச்சு. கம்பி வெச்சுக் கட்டித்தான் ஓட்டறோம்."

கார்டிங் இயந்திரத்தின் உருளை மிகக் கனமானது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் தன் வேகத்தாலேயே நெடுநேரம் சுழலும். அது நிற்கும்வரை மூடி திறவாதபடி இணைப்புப் பூட்டு அமைப்பது அதனால்தான். இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு அமைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21ஆம் பிரிவில் விதித்திருந்தது. எனவே கெட்டுப்போன பூட்டைப் பற்றியும் அறிக்கையில் எழுதினேன். மேலாளர் தாளைத் திருப்பித் தந்து, "உமக்கு நூல் டெஸ்ட் பண்றதுதானே வேலை?" என்றார். பிறகு வேறொருவர் எழுதிய அறிக்கையே போயிற்று. அதில் அந்த ஒரு சொல் மட்டுமே இருந்தது என்று அறிந்தேன்.

நூல் அறுந்தால் நான்கு காரணம் தேடுகிறோம். விரல் அறுந்தால் ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோமே என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. மனிதர் கவனம் தவறுவதே இல்லை என்று நான் வாதிடவில்லை. இரவுப் பணியில் விடியற்காலை நான்கு மணிக்கு எவருக்கும் ஒரு கணம் தவறும். அந்த ஒரு கணத்துக்கு விரலை விலையாகக் கேட்காதபடி இயந்திரத்தையும் வேலைமுறையையும் அமைக்க முடியும். அதற்கென்றே ஒரு படிப்பும் ஒரு பதவியும் உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

1976இல் செய்த திருத்தத்தின்படி, 1000 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் பாதுகாப்பு அலுவலரை அமர்த்த வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் கூறிற்று. 2020இல் நாடாளுமன்றம் அச்சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒரே தொகுப்பாக்கியபோது, அந்த வரம்பு 500 ஆகவும், அபாயகரமான தொழில்களுக்கு 250 ஆகவும் குறைந்தது. பொறியியல் படித்தவர்களுக்கே இப்பதவி என்று எண்ண வேண்டா. ஐந்தாண்டு ஆலை மேற்பார்வை அனுபவம் உள்ள இயற்பியல், வேதியியல் பட்டதாரிகளுக்கும் பழைய விதிகள் இடமளித்தன. தொழிற்பாதுகாப்பில் பட்டயம் பெற்றிருக்க வேண்டும் என்பது அடுத்த தகுதி. மூன்றாவது தகுதிதான் என்னை வியக்க வைத்தது: தொழிலாளருள் பெரும்பாலோர் பேசும் மொழியை அறிந்திருக்க வேண்டும்!

2015இல் வேலையை விட்டேன். மணமாகி, கைக்குழந்தையும் இருந்த நேரம். ஓராண்டு சம்பளமின்றிச் சென்னையில் தங்கிப் படிக்க வேண்டும் என்றபோது வீட்டில் எவருக்கும் உடன்பாடில்லை. எல்லாரிலும் அதிகம் வருந்தியவர் என் தந்தையார். வேறோர் ஆலையில், அதே கார்டிங் பிரிவில், முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். "மில்லு போட்ட சோத்துலதான்டா நீ காலேஜுக்குப் போனே. அதைக் குத்தம் சொல்றதுக்கு ஒரு படிப்பா?" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. மறுமொழி கூற என்னால் இயலவில்லை.

படிப்பில் முதலில் என் மனத்தில் பதிந்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. தம் வீட்டருகே மலக்குழி சுத்தம் செய்த ஒருவர், ஏன் இவ்வளவு அவசரமாக வேலை செய்கிறார் என்று அவர் வினவினாராம். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்று விடை வந்தது. அதை அலட்சியம் செய்யாமல் தொழில்தோறும் சென்று கேட்டு, 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீர் என்ன தொழில் செய்கிறீர்?" என்பதையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. இத்துறையே ஒரு தொழிலாளியின் பதிலிலிருந்து பிறந்தது எனலாம்.

பஞ்சுத் தூசியால் வரும் 'பிசினோசிஸ்' என்ற நோயைப் பற்றிய பாடம் ஒருநாள் நடந்தது. வார விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், அடுத்தடுத்த நாள்களில் குறையும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது எல்லா நாள்களுக்கும் பரவும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது தந்தையாரிடம் பழைய கார்டிங் பிரிவைப் பற்றிக் கேட்டேன். எந்த மூலையில் தூசி அதிகம், எந்தப் பருத்தி வந்தால் இருமல் மிகும், ஈரத்துணியை எப்படி மூக்கில் கட்டுவார்கள் என்றெல்லாம் ஒருமணி நேரம் விவரித்தார். "வாரம் பொறந்தாலே இழுப்புதான்" என்றார். இதையெல்லாம் ஆலையில் யாரேனும் கேட்டதுண்டா என்றேன். "யாருடா கேக்கப்போறா?" என்றார். புகை பிடிக்கிறாரா என்று பலமுறை கேட்ட மருத்துவர்கள்கூட என்ன தொழில் என்று கேட்டதில்லையாம்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் வேலை காரணமாக இறப்போர் ஏறத்தாழ 29 லட்சம் பேர். அவர்களுள் விபத்தால் மடிவோர் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர். ஏனைய 26 லட்சம் பேர் நோயால் இறப்பவர்கள். விபத்து செய்தித்தாளில் வருகிறது. நோயோ வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இருமுகிறது.

கேளாமலும் சொல்லாமலும் இருப்பதால் வரும் கேட்டினை இந்நாடு ஒருமுறை பேரளவில் கண்டது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில் மீதைல் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தம் அண்டையில் என்ன இருக்கிறது என்பதோ, அது கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதோ அம்மக்களுக்குச் சொல்லப்படவில்லை. அதன் பிறகே, 1987இல், அபாயங்களைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவிக்க வேண்டும், பாதுகாப்புக் குழுவில் தொழிலாளரும் இடம்பெற வேண்டும் என்னும் பிரிவுகள் சட்டத்தில் ஏறின.

இப்போது நான் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். அங்கு மணல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்; அந்நோய்க்குத் தீர்வு இல்லை. நான் சேர்ந்தபோது தொழிலாளர் பலர் முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டிருந்தனர். "சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்றார்கள். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் காரணம் கேட்டேன். உலையின் வெப்பத்தில் முகமூடிக்குள் மூச்சு முட்டுகிறது, பக்கத்திலிருப்பவர் எச்சரித்தாலும் புரிவதில்லை என்றார். முகமூடி, கையுறை, தலைக்கவசம் முதலியன கடைசித் தடுப்பு என்பது எங்கள் பாடம். ஆபத்தை அறவே நீக்க முடியுமா, வேறு பொருளை மாற்ற முடியுமா, இயந்திர அமைப்பால் தடுக்க முடியுமா, வேலைமுறையைத் திருத்த முடியுமா என்று பார்த்த பின்னரே அவற்றுக்கு வர வேண்டும். ஓராண்டு வாதாடி, அச்சிலிருந்து வார்ப்பை உதிர்க்கும் இடத்தில் தூசியை உறிஞ்சும் அமைப்பை வைக்கச் செய்தோம். உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்தினோம். முகமூடி இன்றும் வேண்டியிருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் நிற்கவில்லை. எல்லா வாதத்திலும் நான் வென்றதில்லை. கேட்டவற்றுள் பாதிக்குமேல் இன்னும் கோப்பில் உறங்குகின்றன.

வேதியியல் எனக்குத் தூசியையும் வாயுவையும் விளக்கிற்று. இக்கல்லூரியில் கற்ற தமிழ், படிக்காத ஒருவர் சொல்வதை அவர் பொருள் மாறாமல் அறிக்கையில் எழுதக் கைகொடுத்தது. ஆகவே எந்தத் துறை மாணவராயினும், தமக்கும் ஆலைக்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டா.

தோழர்களே! கவனக்குறைவால் விபத்து என்ற செய்தியை நாளையும் நீங்கள் படிப்பீர்கள். அச்சொல்லோடு நின்றுவிடாதீர்கள், அதற்குப் பின்னால் ஒரு பூட்டு கெட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் தாய் தந்தையரிடம் அவர்கள் செய்யும் வேலையைப் பற்றி, எங்கே வலிக்கிறது, எதற்கு அஞ்சுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருமணி நேரம் சொல்வதற்கு அவர்களிடம் செய்தி இருக்கும்.