பெயர் எழுதிய மின்விசிறிகள்

ஆவடிப் பக்கம் நாங்கள் போகும் ஆலயத்தில் மின்விசிறி இறக்கைகளில் பெயர் எழுதியிருக்கும். இன்னார் குடும்பத்தார் அன்பளிப்பு, இன்னாரின் நினைவாக என்று சிவப்புப் பெயின்டில். ஓடும்போது ஒன்றும் தெரியாது. பிரசங்கத்தின் நடுவே கரண்ட் போனால், இறக்கைகள் மெல்ல நிற்க நிற்க எழுத்துகள் துலங்கும். வேர்வையைத் துடைத்துக்கொண்டே சபை தலைதூக்கிப் படிக்கும்.

இதைக் கிண்டலாகச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து டேங்க் ஃபேக்டரி வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைந்த சபை அது. 1961இல் தொடங்கிய தொழிற்சாலை. 1965இல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. டேங்கின் பெயர் நாட்டுக்கே தெரியும், அதற்கு வெல்டிங் பிடித்தவன் பெயர்? வாரமெல்லாம் டோக்கன் நம்பராக இருந்தவன் ஞாயிற்றுக்கிழமை ஓர் இறக்கையில் பெயராக இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது அப்பாவின் கட்சி. 'நினைவாக' என்று எழுதியவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. அதைப் புகழாசை என்று சொல்ல எனக்கும் நாக்கு எழாது.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலம் வேறு கதை. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரத்தைத் தாண்டும்போது பந்தலில் கைதட்டல் எழும். போட்டி போடும் இருவருக்கும் பழம் வேண்டாம், சர்பத்தும் வேண்டாம். தோற்றவர் அடுத்து வரும் பூசணிக்காய்க்குக் காத்திருப்பார்.

மலைப்பிரசங்கத்தில் தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் பற்றி இயேசு ஒரே மாதிரித்தான் பேசுகிறார். மனிதர் பார்க்கச் செய்கிறவன் தன் பலனை வாங்கிவிட்டான் என்கிறார். அவனுக்கு நரகம் என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. கூலி கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது. அந்த அமைதிதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது. கைதட்டல் பொய்க்கூலி அல்ல. கேட்டவனுக்குக் கேட்டதே கிடைத்திருக்கிறது.

பக்கத்து ஊரான பூந்தமல்லியில் இதே கணக்கு இன்னொரு விதமாகத் தீர்ந்திருக்கிறது. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் என்ற விசிறி வீசுவதே அவர் செய்த கைங்கரியம். பெருமாள் அவரோடு பேசுவார் என்பதால்தான் இளைஞரான ராமானுஜர் தன் சந்தேகங்களை அவரிடம் சொல்லிக் கேட்கச் சொன்னார். அந்த நம்பி மோட்சம் கேட்டபோது, நீ வீசினதற்கு நாம் பேசினது சரியாகிவிட்டது என்று பெருமாள் கைவிரித்ததாக வைணவர்கள் சொல்வார்கள். நம்பி அதன்பின் திருக்கோட்டியூர் போய், தான் யார் என்று சொல்லாமல் மாடு மேய்த்தார் என்பது கதை. எங்கள் சபையில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். என்ன செய்வது, கலிலேயா தூரம், பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ போகிறது.

ஆலவட்டம் என்றதும் மறுபடி அந்த மின்விசிறிகள். வெஸ்ட்ரிக் கதவுக்கு மேலே இருந்த ஒன்றில் மட்டும் பெயர் கிடையாது. யார் கொடுத்தது? கடையிலிருந்து அதைச் சுமந்து வந்து மாட்டிய எலக்ட்ரீஷியன் தாத்தாவைக் கேட்டால், "கடக்காரன் குடுத்தான்வே, போரும்" என்பார். ஆளாளுக்கு ஒரு குடும்பத்தைச் சொன்னார்கள். பெயர் எழுதிய விசிறிகளைவிடப் பெயரில்லாததைப் பற்றித்தான் பேச்சு அதிகம். கொடுத்தவர் அந்தப் பேச்சையெல்லாம் கேட்டபடி எங்களோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளுக்குள் ரசித்திருப்பாரோ? வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற போதனையின் கொக்கி அங்கே இருக்கிறது. ஊருக்கு மறைப்பது சுலபம். தனக்கே மறைப்பது?

மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்கும் இந்தச் சங்கடம் தப்பவில்லை. அவர் இருந்த டோனாவூர் எங்கள் பூர்வீக ஊருக்குக் கிட்டத்தில்தான். 1901இலிருந்து அங்கே குழந்தைகளை வளர்த்தவர், பணம் வேண்டும் என்று யாரிடமும் முறையிடுவதில்லை என்பதை விதியாகவே வைத்திருந்தார். 1919இல் அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது, வேண்டாம் என்றால் மரியாதைக்குறைவாகுமா என்று தயங்கி, பிறர் வற்புறுத்த ஏற்றுக்கொண்டார். விழாவுக்கு மட்டும் மதராஸ் வரவில்லை. 1951இல் இறந்தபோது கல்லறைக்கல் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்றை வைத்து, தாங்கள் கூப்பிட்ட பெயரை மட்டும் பொறித்தார்கள். இன்று அந்தத் தொட்டியைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். மறைவில் இருக்க நினைத்தது அவர் பொறுப்பு. கூட்டம் வந்தது அவர் குற்றமல்ல என்று நினைக்கிறேன். எலுமிச்சம்பழக்காரரையும் அவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இப்போது பண்டிகை ஸ்டாலில் ஏலக்கூச்சல் குறைந்து, கியூ.ஆர். அட்டை வந்துவிட்டது. கூடவே, வந்த தொகையை உரக்கச் சொல்லும் பெட்டி. ஐம்பது ரூபாய் போட்ட பாட்டிக்கும் ஐயாயிரம் போட்டவருக்கும் ஒரே குரல். தர்மம் செய்யும்போது தாரை ஊதாதே என்ற வசனத்தை ஒருவர் கமிட்டியில் எழுப்பினார். பணம் வந்ததா என்று தெரிய வேண்டாமா என்றார் பொருளாளர். அவர் கேட்டதும் நியாயம். அரைமணி நேர வாதத்துக்குப் பிறகு சத்தத்தைக் குறைத்து வைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் மினிட் புத்தகத்தில் இருக்கின்றன.