சேற்றில் நிற்கும்போது பார்க்க வேண்டிய படகு

பாஸம், சிச்செஸ்டர் துறைமுகம்,
இங்கிலாந்தின் தென்கரை

அன்புள்ள நண்பருக்கு,

போர்ட்ஸ்மத் நகருக்குக் கிழக்கே, கடல் நிலத்துக்குள் விரல் விரலாகப் புகுந்து கிடக்கும் சிச்செஸ்டர் துறைமுகத்தில், அவ்விரல்களில் ஒன்றின் நுனியில் அமைந்துள்ளது பாஸ்ஹாம் என்று எழுதப்பட்டு பாஸம் என்று உள்ளூராரால் உச்சரிக்கப்படும் சிற்றூர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் மன்னரான ஹெரால்ட் கப்பலேறிய இடமாக, 11ஆம் நூற்றாண்டின் பேயூ சித்திரத்துணியில் இவ்வூரும் இதன் தேவாலயமும் காட்டப்பட்டுள்ளன. ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்றவற்றம், இங்கே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை பெருகி வற்றுகிறது. சென்னைக் கரையில் சுமார் 1 மீட்டரோடு நின்றுவிடும் இந்த ஏற்றம், இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சுமார் 4 மீட்டரை எட்டுவதால், ஊரின் கரையோரச் சாலையே நீருக்குள் போய்விடுகிறது. வற்றும்போது நீர் இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறச் சேறாகி, கட்டியிருந்த படகுகள் அச்சேற்றின்மேல் அமர்ந்துவிடுகின்றன. பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்குவது எப்படி என்று தாங்கள் கேட்டிருந்ததற்கு விடை தேட, இந்தச் சேற்றைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

இங்கே பேசப்படுவது பெருங்கடலைக் கடக்கும் கப்பலன்று. பகலில் கரையோரமாகப் பாய் விரித்து ஓடி, இரவில் ஏதேனும் ஒரு கழிமுகத்தில் நங்கூரமிட்டு, நான்கு பேர் உள்ளேயே சமைத்து உறங்கக்கூடிய 7 அல்லது 8 மீட்டர் நீளமுள்ள சிறு படகு. இவ்வகையில் இத்தென்கரையில் மிகுதியாகக் கண்ணில் படுவது வெஸ்டர்லி நிறுவனம் 1969 முதல் 1980 வரை கட்டிய சென்டார் என்னும் படகு. 26 அடி நீளமும் சுமார் 3 டன் எடையும் கொண்ட இது, லாரன்ட் ஜைல்ஸ் என்ற படகு வடிவமைப்பு அலுவலகத்தின் வடிவமைப்பில் 2,400க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில், அருகிலுள்ள ஹாம்ப்ஷர் பகுதியின் வாட்டர்லூவில் என்ற ஊரில் உருவானது. நிறுவனத்தைத் தோற்றுவித்த டெனிஸ் ரெய்னர், இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் காவற்கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர். 1957இல் திரைப்படமான ‘தி எனிமி பிலோ’ நாவலை எழுதியவரும் அவரே. 1967இல் மறைந்துவிட்டதால் சென்டாரை அவர் காணவில்லை. ஆயினும் செல்வர்க்கு மட்டுமே உரியதாயிருந்த பாய்மரப் படகை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டச் செய்யவேண்டும் என்ற அவருடைய எண்ணம் இதில்தான் முழுமை பெற்றது என்று துணிந்து கூறலாம். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் ஒரு பழைய காரின் விலைக்கே இது கைமாறுகிறது.

சென்டாரின் சிறப்பு அதன் அடியில் உள்ளது. ஏரா என்பது படகின் அடியில் நீளவாட்டில் அமைந்து, காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு சாய்ந்து கவிழாமலும் வழுக்கி விலகாமலும் காக்கும் கனத்த உறுப்பு. பெரும்பாலான படகுகளுக்கு நடுவில் ஒன்றாக இருக்கும் இவ்வுறுப்பு, சென்டாருக்கு இருபுறமும் சற்றே வெளிநோக்கி விரிந்த இரண்டு வார்ப்பிரும்பு ஏராக்களாக அமைந்துள்ளது. ‘கட்டுமரம்’ என்ற நம் சொல்லிலிருந்து பிறந்த கேட்டமரான் இரண்டு உடல்களைக் கொண்டது. இதற்கோ உடல் ஒன்றே, கால்கள்தாம் இரண்டு. அதனால் நீர் வற்றியதும் ஒற்றை ஏராப் படகு ஒருபக்கம் சாய்ந்து கிடக்க, இது நிமிர்ந்தே நிற்கிறது. உள்ளே அடுப்பில் வைத்த தேநீர்ப் பாத்திரம்கூடச் சரிவதில்லை. எந்நேரமும் மிதக்கவைக்கும் மரீனா எனப்படும் படகு நிறுத்துமிடத்தின் ஆண்டு வாடகை மிக அதிகம். வற்றும் சேற்றில் கட்டும் இடமோ அதில் ஒரு சிறு பகுதிக்கே கிடைக்கிறது. காற்றை எதிர்த்து ஏறும்போது இப்படகு ஒற்றை ஏராப் படகைவிடச் சற்றே பின்தங்குவதும் பக்கவாட்டில் சற்று அதிகமாக நழுவுவதும் உண்மையே. எனினும் படகை வைத்துக் காப்பதற்கான செலவை இது குறைப்பதால், சம்பளத்தில் வாழும் ஒருவர் பல்லாண்டுகள் கைவிடாமல் வைத்திருக்கக்கூடிய படகாக இது நிலைக்கிறது.

ஆனால் இப்படகுக்கு வலிமை தருகிற இடமே இதன் பழுதுக்கும் இடமாகிறது. கால்களை அகட்டி நிற்கும் ஒருவரின் தோளில் சுமை ஏற்றினால் கால்கள் மேலும் அகல முயல்வதுபோல், சேற்றில் அமரும் ஒவ்வொரு முறையும் 3 டன் எடை இரண்டு ஏராக்களையும் வெளிப்புறம் தள்ள, அவை திருகாணிகளால் பிணைக்கப்பட்டுள்ள கண்ணாடியிழை அடித்தளம் நெளிந்து கொடுக்கிறது. ஓதத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் ஆண்டுக்கு 700 முறைக்கு மேல் நிகழும் இந்த நெளிவு, மென்சேற்றில் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. கெட்டி மணலிலோ கல்லிலோ அலை தூக்கித் தூக்கிப் போடும் இடத்தில் கட்டப்பட்டிருந்த படகை அது சிதைத்துவிடும். ஆகவே விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலையன்று. இப்படகு இத்தனை ஆண்டுகளாக எங்கே கட்டப்பட்டிருந்தது என்பதே.

அடுத்து, உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் திருகாணி வரிசையைப் பார்க்கவேண்டும். மயிரிழை போன்ற விரிசல்கள், நார்கள் வெளுத்துக் காணும் கோடுகள், ஆணித்தலையைச் சுற்றி வடிந்த துருக்கறை ஆகியவை இணைப்பு அசைகிறது என்பதற்கு அடையாளம். வெளியே, ஏராவின் மேல்விளிம்பும் உடலும் சேரும் கோட்டில் பூச்சு புதிதாக அடிக்கப்பட்டிருந்தால், அது மறைப்பதற்காக அடிக்கப்பட்டதா என்று ஐயுறுவதில் தவறில்லை. கிரேனின் பட்டைவாரில் படகு தொங்கும்போதும், பின்பு கட்டைகளின்மேல் இறக்கப்படும்போதும் அக்கோடு திறந்து மூடுகிறதா என்று கவனிப்பது எல்லாவற்றிலும் உறுதியான சோதனை. குறை கண்டவுடன் பின்வாங்கத் தேவையில்லை. ஏராக்களுக்கு இடையே குறுக்காகக் கண்ணாடியிழை விலாக்களைக் கட்டி வலுவூட்டும் முறை நன்கு அறியப்பட்டது. முந்தைய உரிமையாளர் அதை முறையாகச் செய்து, ரசீதும் வைத்திருக்கும் படகுக்குச் சற்று அதிக விலை கொடுப்பது தகும்.

இங்கே வாங்க வருவோர் பெரிதும் அஞ்சுவது ஆஸ்மோசிஸ் என்ற சொல்லுக்கு. கண்ணாடியிழை உடலின் மேற்பூச்சைக் கடந்து நீர் நுண்ணளவில் ஊறி, உள்ளே பிசினோடு வினைபுரிந்து, கொப்புளமாகப் புடைப்பதே அது. குத்தினால் வினிகர் நாற்றமுள்ள பிசுபிசுப்பான நீர் வடியும். பூச்சைச் சுரண்டி, மாதக்கணக்கில் உலர்த்தி, எபாக்சி பூசிச் சரிசெய்யும் வேலை செலவு மிக்கதுதான். ஆனால் கொப்புளத்தால் படகு மூழ்குவது மிக அரிது. படகை மூழ்கடிப்பது கட்டைவிரல் பருமனுள்ள வால்வு. கழிப்பறைக்கும் எஞ்சினுக்கும் கடல்நீரைக் கொண்டுவர உடலில் துளையிட்டுப் பொருத்தப்படும் இவ்வால்வு சாதாரணப் பித்தளையாக இருந்தால், உப்புநீரில் அதன் துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் பஞ்சுபோல் எஞ்சுகிறது. கத்திமுனையால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால், அந்த வால்வு கையோடு பெயர்ந்து வரும் நாள் தொலைவில் இல்லை. அதை வெண்கல வால்வாக மாற்றப் பெருஞ்செலவு ஆவதில்லை. கவனிக்காமல் விட்டால் படகே போய்விடும்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். எஞ்சினை முற்றிலும் குளிர்ந்த நிலையிலிருந்து இயக்கிக் காட்டச் சொல்லவேண்டும்; வாங்குபவர் வருமுன்பே சூடாக்கி வைப்பது அதன் நோயை மறைக்கும் வழி. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிவடங்களைச் சுமார் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் எதிர்பார்க்கின்றன. பாய்த்துணி நைந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். கூரையின் உள்விரிப்பு தளர்ந்து பை போலத் தொங்குவது வெஸ்டர்லி படகுகளின் பொதுவான முதுமை. பின்னாலுள்ள நுரைப்பஞ்சு பொடிந்துபோவதால் நேர்வது அது, உயிருக்கு ஊறு இல்லை.

விலை பேசி முடித்ததும், ஆய்வுக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுப்பதும், பின்பு வாங்குபவரின் செலவில் சர்வேயர் எனப்படும் ஆய்வாளர் படகைக் கரையேற்றிப் பார்ப்பதும் இங்குள்ள வழக்கம். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்ப்பவரைப்போல் அவர் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போகிறார். கணீரென்ற ஒலி மங்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டமிடுகிறார். அவருக்குரிய கட்டணத்தை மிச்சப்படுத்த நினைப்பது பெரும் பிழை. விற்பனைப் பத்திரமும் கவனத்துக்குரியது: பிரிட்டிஷ் சட்டப்படி ஒரு கப்பலின் உடைமை 64 பங்குகளாகக் கணக்கிடப்படுவதால், 64 பங்கும் ஒரே கையில் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். சிறுபடகுகளுக்கான தனிப் பதிவேட்டின் சான்று மட்டும் உடைமைக்குச் சான்றாகாது. படகின்மேல் நிற்கும் கடன் சில வேளை படகோடு சேர்ந்து புதியவரிடமும் வந்துவிடும்.

பளபளப்பான புதிய படகைவிட, விலாக்கள் வலுவூட்டப்பட்டு, வால்வுகள் மாற்றப்பட்டு, சேற்றில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பழைய சென்டாரே முதல்முறை வாங்குவோர்க்கு ஏற்றது என்பது இக்கரையில் பார்த்தவற்றின் முடிவு. தாங்கள் வருவதாயின் வற்றுநீர் வேளையைக் கணக்கிட்டு வரவேண்டும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் நல்ல டார்ச்சும் உடன் இருக்கட்டும்.