வாடியும் பனிநிலையமும்

சோளகக் காற்று எழுந்து உடப்புக் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால், கரைவலையையும் சமையற் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு அப்பா முல்லைத்தீவுக்குப் புறப்பட்டுவிடுவார். அங்கே கிடுகால் வேய்ந்த வாடியில் பல மாதங்கள் கழியும். ஓராண்டு அப்பாச்சி காலமானார். அச்செய்தி வாடியை எட்டியபோது எட்டுச் செலவும் முடிந்திருந்தது. அப்பா அதுபற்றிக் கடைசிவரை பேசியதில்லை.

அந்த நினைவை 2018இல் ஒரு செய்தி கிளறிவிட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மங்களா மணி, அந்தார்ட்டிக்காவில் 403 நாட்களைக் கழித்துவிட்டுத் திரும்பியிருந்தார். அப்போது அவருக்கு வயது 56. என்னைவிடச் சில ஆண்டுகள் மூத்தவர். 2016 நவம்பரில் சென்ற 23 பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவரே பெண்.

அவர்கள் தங்கியிருந்தது, 2012இல் இயங்கத் தொடங்கிய 'பாரதி' நிலையம். கப்பற் கொள்கலன்கள் 134ஐ அடுக்கி, மேலே உறை போர்த்திக் கட்டப்பட்டது அது. எங்கள் கரைக்குச் சற்று மேற்கே கடலில் இறங்கி நேர் தெற்கே சென்றால், நிலம் எதுவும் குறுக்கிடாமல் ஏறத்தாழ 8,500 கிலோமீட்டருக்கு அப்பால் அந்தப் பனிக்கரையை அடையலாம். வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. அதுவும் எங்கள் கடலின் மறுகரைதான்.

துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செய்மதிகள் பெரும்பாலான சுற்றுகளில் அந்நிலையத்தின் பார்வைக்குள் வந்துபோகும். அவை அனுப்பும் தரவுகளைப் பெற்று ஹைதராபாத்துக்கு அனுப்பிவைப்பதே அவருடைய பணி. இரவென்றும் பகலென்றும் அதற்கு இல்லை. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிட்டால் கப்பல் வராது. ஓராண்டுக்கான உணவை முன்கூட்டியே சேமித்துவைக்க வேண்டும். சூரியன் உதிக்காத வாரங்களும் உண்டு. கழிவைக்கூட அங்கே எறிந்துவிட்டு வர இயலாது. திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

இதை வாசித்தபோது, வாடியில் வலை பொத்தியபடி அமர்ந்திருக்கும் அப்பாவையே கண்டேன். அப்பா அழைப்பு வந்தால் பஸ் ஏறியிருப்பார். பனிக்காலத்தில் அங்கிருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், செய்தி மட்டும் உடனே வரும். மனிதர் வர முடியாது. எது கொடியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவு துன்பம் எதற்காக என்று கேட்கும் உறவினர்கள் எனக்குண்டு. அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வேன். சிலாபம் முதல் மாரவில வரை கடல் நிலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆறுகளில் மணல் அகழ்வது அதற்குப் பெருங் காரணம். அதை மறைத்துப் பனியின்மீது மட்டும் பழிபோடுவது நேர்மையன்று. ஆனால் உலகெங்கும் கடல்மட்டம் உயர்வதும் உண்மை. அந்தார்ட்டிக்காவின் பனி முழுவதும் உருகினால் கடல் ஏறத்தாழ 58 மீற்றர் உயரும். அது நம் காலத்தில் நிகழாது. எனினும், அதில் மிகச் சிறு பங்கு போதும், எங்கள் ஊருக்கு. அந்தப் பங்கு எவ்வளவு, எப்போது என்பதை அறியவே அங்கே மனிதர்கள் காவலிருக்கிறார்கள்.

அப்பா வலைக்கயிற்றைக் கட்டிய தென்னை இன்று இல்லை. அது நின்ற இடத்தில் அலை அடிக்கிறது.